ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு பேதி: வயதானவர்களுக்கு எந்த மருந்து, எந்த வரிசையில்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பாங்க், டோங்காட் வீடுகளில் எழுபதைத் தாண்டிய தாத்தாவுக்கோ ஆயாவுக்கோ ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. சர்க்கரையால் ஆறாத கால்புண், சிறுநீர்க் கடுப்பு, நெஞ்சுச் சளி, பல் பிடுங்கியது என்று ஏதாவது ஒன்று. கோ-அமாக்ஸிக்ளாவ், சிப்ரோஃப்ளாக்சசின், கிளிண்டமைசின், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் செஃப்ட்ரியாக்சோன். நாலைந்து நாளில் புண் ஆறத் தொடங்கும், காய்ச்சல் இறங்கும். அதன் பிறகு பேதி பிடிக்கும். சிலருக்கு மருந்து முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்துப் பிடிக்கும். அதனால் அந்த மருந்தோடு இதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இப்படி வரும் பேதிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை, தானே நின்றுவிடும். ஒரு பங்கு மட்டும் வேறு வகை. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி (சுருக்கமாக சி. டிஃப்) பெருங்குடலில் பெருகி, இரண்டு நஞ்சுகளைச் சுரந்து, குடல் சுவரைப் புண்ணாக்கும். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளைத் துடைத்துவிட்ட இடத்தில் இது குடியேறுகிறது. இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத் தொல்லையோடு போகும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இதிலேயே சிறுநீரகம் கெட்டு, ரத்த அழுத்தம் விழுந்து, உயிர் போகவும் செய்யும். குணமானாலும் திரும்பி வரும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம்.

இந்த நோய்க்கு முன்வைக்கப்படும் வழிகள் நான்கு: எதுவும் கொடுக்காமல் பழைய ஆன்டிபயாடிக்கை மட்டும் நிறுத்திப் பார்ப்பது, மெட்ரோனிடசோல், வாயால் கொடுக்கும் வான்கோமைசின், ஃபிடாக்சோமைசின். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ஐந்தாவதாக மல நுண்ணுயிர் மாற்று (ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நல்ல கிருமிகளைக் குடலில் சேர்ப்பது). எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயதானவருக்கு சி. டிஃப் என்று உறுதியானால், நோய் லேசாகத் தெரிந்தாலும், மெட்ரோனிடசோலில் தொடங்காமல் வாய்வழி வான்கோமைசினில் தொடங்குவதே சரி. ஃபிடாக்சோமைசின் கிடைத்து, செலவும் தாங்குமானால் அது இன்னும் மேல்.

இது எந்தப் பேதி?

24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகவோ கூழாகவோ போனால்தான் மலப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. அதற்கு முந்தைய இரண்டு நாளில் மலத்தை இளக்கும் மருந்து (லாக்டுலோஸ், சென்னா) கொடுத்திருந்தால் அந்த முடிவை நம்ப முடியாது. முதியோர் இல்லங்களில் இது அடிக்கடி நடக்கிறது. மலச்சிக்கலுக்கு என்று அட்டவணையில் எழுதிய லாக்டுலோஸ், பேதி பிடித்த பிறகும் காலை மருந்தோடு சேர்ந்து போய்க்கொண்டே இருக்கும். அதே போல சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் பேதியைக் கிளப்பும். சமீபத்தில் அளவைக் கூட்டினார்களா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாதிரி தண்ணீர் மலமாக இருக்க வேண்டும், எடுத்ததும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். தாமதமானால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், வெயிலில் நின்ற காரில் கிடந்தால் நஞ்சு சிதைந்து பொய்யாக 'இல்லை' என்று வரும். ஆய்வகம் எந்த முறையில் பார்த்தது என்பதையும் கேளுங்கள். பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் முறை) மட்டும் பார்த்தால், நோய் உண்டாக்காமல் சும்மா தங்கியிருக்கும் கிருமியும் 'உண்டு' என்று வரும். நஞ்சுப் பரிசோதனையும் சேர்ந்து 'உண்டு' என்று வந்தால்தான் சந்தேகம் தீரும். குணமானதா என்று பார்க்க மறுபடி மலப் பரிசோதனை வேண்டாம். பேதி நின்று பல வாரங்கள் வரை அது 'உண்டு' என்றே காட்டும். அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயந்து இன்னொரு சுற்று மருந்து தொடங்குவது, வேண்டாத இடத்தில் மறுபடி ஆன்டிபயாடிக் கொடுப்பதாகும்.

கூடவே ரத்தத்தில் இரண்டு எண்கள் வேண்டும். வெள்ளை அணுக்கள் லிட்டருக்கு 15 × 10⁹ அல்லது மேல் என்றாலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 133 மைக்ரோமோலுக்கு மேல் என்றாலோ நோய் கடுமையானது என்று வகைப்படுத்துகிறார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பாதித்தவருக்கு இரண்டாவது எண் அப்படியே பொருந்தாது. அவருடைய வழக்கமான அளவு என்ன, அதிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். கிளினிக் அட்டையிலோ மாதாந்திர மருந்துக் கோப்பிலோ பழைய எண் இருக்கும். போகும்போது அதை மறக்காமல் கொண்டு போங்கள்.

நிறுத்திப் பார்ப்பது

மற்ற மூன்று மருந்தில் எதைத் தேர்ந்தாலும், பேதியைக் கிளப்பிய ஆன்டிபயாடிக் தேவையில்லாமல் தொடர்ந்தால் குணம் தாமதமாகும், திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். ஆகவே மருந்தைப் பற்றிப் பேசும் முன் கேட்க வேண்டியது: அந்த ஆன்டிபயாடிக் இன்னும் வேண்டுமா?

பல நேரம் வேண்டாம். வயதான பெண்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், சிறுநீரில் முக்கிப் பார்க்கும் சோதனைப் பட்டையில் நிறம் மாறியதற்காக மட்டும் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்திருந்தால் அதை அன்றே நிறுத்தலாம். உண்மையான சிறுநீர்த் தொற்று என்றால், சிறுநீரகம் ஓரளவு வேலை செய்கிறவருக்கு நைட்ரோஃபியூரன்டாயினுக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். நெஞ்சுத் தொற்றுக்கு டாக்ஸிசைக்ளின் பெருங்குடலை அவ்வளவாகக் கெடுக்காது. கிளிண்டமைசின், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், சிப்ரோ வகை மருந்துகள் ஆகியவைதான் இந்த நோய்க்கு அதிகம் வழிவிடுபவை.

மாற்ற முடியாத நிலையும் உண்டு. கால்புண் எலும்பு வரை இறங்கியிருந்தால் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் போகும். நிறுத்தினால் கால் போய்விடும். அப்போது வான்கோமைசினைப் பத்து நாளோடு முடிக்காமல், அந்த மருந்து முடிந்து ஒரு வாரம் வரை குறைந்த அளவில் நீட்டிப்பதுதான் பல நிபுணர்களின் வழக்கம். காசநோய் மருந்தை மட்டும் வீட்டில் யாரும் தானாக நிறுத்தவே கூடாது, எந்தப் பேதி வந்தாலும்.

நிறுத்தியதோடு விட்டுவிட்டு, சி. டிஃப் மருந்து கொடுக்காமல் காத்திருக்கலாமா? இளைஞருக்கு லேசான பேதி என்றால் இரண்டு நாள் பார்க்கலாம். பெரியவர்களுக்கு இது தகாது என்பது எங்கள் கருத்து. பரிசோதனை முடிவு வரும் வரை மட்டும் காத்திருக்கலாம். அதிலும் காய்ச்சலோ வயிற்று வலியோ இருந்தால், முடிவு வருவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

மெட்ரோனிடசோலா, வான்கோமைசினா

மெட்ரோனிடசோல் விலை குறைந்தது, எந்த மருந்துக்கடையிலும் எந்தக் கிளினிக்கிலும் இருக்கும், 400 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை பத்து நாள் என்று சுலபமாக எழுதிவிடலாம். அதனால்தான் அதுவே முதலில் கைக்கு வருகிறது. வயதானவர்களுக்கு அது ஏன் பின்தங்குகிறது என்பது அந்த மருந்து உடலில் போகும் பாதையைப் பார்த்தால் விளங்கும். விழுங்கிய மெட்ரோனிடசோல் ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே ரத்தத்துக்குள் போய்விடுகிறது. பெருங்குடலுக்கு அது வந்து சேர்வது ரத்தத்தின் வழியாக, அழற்சியுள்ள சுவரைத் தாண்டித்தான். பேதி குறையக் குறைய மலத்தில் அதன் அளவும் குறைந்துகொண்டே போகும். வான்கோமைசின் இதற்கு நேர் எதிர். வாயால் கொடுத்தால் ரத்தத்துக்குள் அநேகமாகப் போகாது. கொடுத்த மருந்து முழுவதும் பெருங்குடலில், கிருமி இருக்கும் இடத்திலேயே இறங்கும்.

எண்களும் இதையே காட்டுகின்றன. 2007இல் வெளியான ஒரு சோதனையில், லேசான நோயில் மெட்ரோனிடசோலுக்கு 90 சதவீதமும் வான்கோமைசினுக்கு 98 சதவீதமும் குணமானார்கள். கடுமையான நோயில் இது 76க்கு 97 என்று விரிந்தது. அதைவிடப் பெரிய சோதனைகள் 2014இல் வெளியாயின. எல்லாரையும் சேர்த்துப் பார்த்ததில் மெட்ரோனிடசோலுக்கு 72.7 சதவீதம், வான்கோமைசினுக்கு 81.1 சதவீதம். அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் சங்கத்தின் வழிகாட்டி 2018இலிருந்து மெட்ரோனிடசோலை முதல் வரிசையிலிருந்து இறக்கிவிட்டது. வேறு மருந்து கிடைக்காத இடத்தில், கடுமையில்லாத நோய்க்கு மட்டும் அதை ஏற்றுக்கொள்கிறது.

வயதானவர்களின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் இன்னொரு காரணமும் கிடைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் ரத்தம் உறையும் நேரம் மிகவும் நீளும். ஐஎன்ஆர் (அந்த நேரத்தை அளக்கும் எண்) 2.5இல் இருந்தவர் சில நாளில் 5, 6க்கு ஏறி, மூக்கிலும் குடலிலும் ரத்தம் கசியலாம். வேறு வழியில்லாமல் கொடுத்தாலும் மூன்றாம் நான்காம் நாளில் ஐஎன்ஆர் பார்த்தாக வேண்டும். நீண்ட நாள் கொடுத்தாலோ, இரண்டு மூன்று சுற்று கொடுத்தாலோ கால் விரல்களில் மரத்துப்போதல் வரும். சர்க்கரையால் ஏற்கெனவே பாதம் மரத்தவருக்கு அது மருந்தால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது. வாயில் உலோகச் சுவை தங்கி, ஏற்கெனவே சாப்பாட்டை ஒதுக்குகிறவர் இன்னும் ஒதுக்குவார். ஆகவே நோய் திரும்பி வந்தால் இரண்டாவது தடவை மெட்ரோனிடசோல் கொடுக்கவே கூடாது.

அப்படியானால் அதற்கு எப்போது இடம்? வான்கோமைசின் வந்து சேர இரண்டு நாளாகும் என்றால், அந்த இரண்டு நாளுக்கு அதைத் தொடங்கலாம். வெறுங்கையோடு காத்திருப்பதைவிட அது நல்லது. ஐந்தாறு நாளில் பேதி குறையவில்லை என்றால், பத்து நாளை முடிக்கட்டும் என்று பார்க்காமல் வான்கோமைசினுக்கு மாற்றுங்கள். பேதி கட்டுக்கடங்காமல் போய், குடல் அசையாமல் நின்றுவிட்ட நிலையில் ட்ரிப்பில் மெட்ரோனிடசோல் கொடுப்பது வேறு விஷயம். அங்கே அது வான்கோமைசினோடு சேர்ந்து போகிறது.

ஊசி மருந்தைக் குடிக்கக் கொடுப்பது

நடைமுறையில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறோம். வான்கோமைசின் காப்ஸ்யூல் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் ஊசிக்கான தூளைக் கரைத்து வாயால் கொடுக்கிறார்கள். இது ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான், குறுக்கு வழி அல்ல. ஆனால் அதே மருந்தை நரம்பில் ஏற்றினால் பெருங்குடலுக்குப் பயனே இல்லை. ரத்தத்தில் இருக்கும் வான்கோமைசின் குடலுக்குள் வராது. சீட்டில் 'வான்கோமைசின்' என்று மட்டும் எழுதியிருந்து, வார்டில் வழக்கப்படி ட்ரிப்பில் ஏற்றிவிட்டால், சிறுநீரகத்துக்குச் சுமை கூடியதுதான் மிச்சம். ஆகவே மருத்துவர் எழுதும்போது 'வாய்வழி' என்ற சொல் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். புட்டியின் மேலும் சிரிஞ்சின் மேலும் அதே சொல்லை ஒட்டச் சொல்லுங்கள்.

அளவு 125 மி.கி., ஆறு மணிக்கு ஒரு தடவை, பத்து நாள். 500 மி.கி. புட்டியில் 10 மி.லி. சுத்திகரித்த நீர் விட்டுக் கரைத்தால் ஒரு மி.லி.யில் 50 மி.கி. இருக்கும். 2.5 மி.லி. எடுத்தால் ஒரு வேளை. ஒரு புட்டியில் நான்கு வேளை வரும், அதாவது ஒரு நாள். பத்து நாளுக்குப் பத்துப் புட்டி. 1 கிராம் புட்டி கிடைத்தால் 20 மி.லி. விட்டுக் கரைக்க வேண்டும். அது இரண்டு நாளுக்கு வரும். மருந்துக்கடையிலேயே கரைத்து வாய்வழிச் சிரிஞ்சுகளில் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் அதுவே பாதுகாப்பு. வீட்டில் கரைப்பதானால் மருந்தாளுநர் ஒரு தடவை செய்து காட்டட்டும். தூள் முழுவதும் கரையும் வரை மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்கினால் நுரை வந்து அளவு தப்பும். புட்டியில் தேதியும் நேரமும் எழுதி, குளிர்பெட்டியில் நடுத்தட்டில் வைக்கலாம். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதை மருந்தாளுநர் சொன்னபடி செய்யுங்கள்.

எடுத்த 2.5 மி.லி.யை 30 மி.லி. தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். கசப்பு கடுமையாக இருக்கும். குளிர்ந்த ரூய்போஸ் தேநீரோ, நீர்த்த ஆப்பிள் சாறோ கலந்தால் இறங்கும். முழுக் கோப்பையில் கலக்காதீர்கள். பாதியில் கோப்பையைத் தள்ளிவிட்டால் எவ்வளவு போனது என்று தெரியாது. பக்கவாதம் வந்து விழுங்கத் தடுமாறுபவரை நேராக உட்கார வைத்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மூக்குக் குழாய் இருந்தால் அதன் வழியாகவும் கொடுக்கலாம். இரவு இரண்டு மணி வேளையைத் தவறவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காலை 6, நண்பகல் 12, மாலை 6, இரவு 12 என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

அளவைக் கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நிலைக்கு வராதவருக்கு 125 மி.கி.யே மலத்தில் தேவைக்கு மிக அதிகமாக இருக்கிறது. 500 மி.கி. ஆறு மணிக்கு ஒரு தடவை என்பது ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கும், குடல் நின்றுவிட்டவர்களுக்கும் மட்டும். அவர்களுக்கு அதோடு ட்ரிப்பில் 500 மி.கி. மெட்ரோனிடசோல் எட்டு மணிக்கு ஒரு தடவை. குடல் அசையாவிட்டால் 100 மி.லி. சலைனில் 500 மி.கி. வான்கோமைசினை ஆசனவாய் வழியாகவும் ஏற்றுவார்கள்.

ஃபிடாக்சோமைசின் எங்கே உசத்தி?

நோயை நிறுத்துவதில் வான்கோமைசினுக்கும் இதற்கும் வித்தியாசம் சொற்பம். நோய் திரும்பி வருவதில்தான் வித்தியாசம். 2011இல் வெளியான சோதனையில் வான்கோமைசின் வாங்கியவர்களில் 25.3 சதவீதத்தினருக்குத் திரும்பி வந்தது, ஃபிடாக்சோமைசின் வாங்கியவர்களில் 15.4 சதவீதத்தினருக்கு. காரணம், இது சி. டிஃபைக் குறிவைத்து அடித்து, குடலின் மற்ற கிருமிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வான்கோமைசின் அவற்றில் பலவற்றையும் சேர்த்து அழித்துவிடும். 200 மி.கி. மாத்திரை இரண்டு வேளை, பத்து நாள், மொத்தம் 20 மாத்திரை. இரண்டு வேளை என்பதே வயதானவருக்கும் பார்த்துக்கொள்கிறவருக்கும் பெரிய நிம்மதி.

அதே 20 மாத்திரையை வேறு விதமாகப் பரப்பிக் கொடுக்கும் முறையும் உண்டு. முதல் ஐந்து நாள் இரண்டு வேளை, பிறகு 7ஆம் நாள் முதல் 25ஆம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை. 60 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டுமே இதைச் சோதித்தார்கள், 2018இல் முடிவு வந்தது. சிகிச்சை முடிந்து 30 நாளில் திரும்பி வராமல் நலமாக இருந்தவர்கள் 70 சதவீதம். வான்கோமைசினில் 59 சதவீதம். கூடுதல் செலவே இல்லாமல் கிடைக்கும் ஆதாயம் என்பதால், ஃபிடாக்சோமைசின் எப்படியும் வாங்கப்போகிறவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்கத்தான் வேண்டும்.

தடை விலையும் கிடைக்கும் வழியும்தான். தென்னாப்பிரிக்காவில் பதிவாகாத எந்த மருந்தையும், மருத்துவர் ஒரு நோயாளியின் பெயரில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவிடம் பிரிவு 21 அனுமதி பெற்றுத்தான் வரவழைக்க முடியும். மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீட்டில்) இருப்பவர்களுக்கு, இந்த மருந்து ஏன் வேண்டும் என்று விளக்கும் மருத்துவரின் மோட்டிவேஷன் கடிதம் வேண்டும். அதில் வயது, நஞ்சுப் பரிசோதனைத் தேதி, வெள்ளை அணு, கிரியாட்டினின், இதற்கு முன் எத்தனை தடவை வந்தது, எந்த மருந்து எத்தனை நாள் கொடுத்தும் பலிக்கவில்லை, வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் இருந்தால் கடிதம் திரும்பி வராது. முதல் தடவை வந்தவருக்கு இந்த அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். வான்கோமைசினை அன்றே தொடங்குங்கள். ஏற்கெனவே ஒரு தடவை திரும்பி வந்தவருக்குத்தான் இந்த அலைச்சல் தகும்.

வீடா, மருத்துவமனையா

பேதியின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை போனவருக்குத் திடீரென்று நின்று, வயிறு மட்டும் உப்பி இறுகினால், வீட்டில் எல்லாரும் குணமாகிவிட்டது என்று மகிழ்வார்கள். அது குடல் அசைவு நின்றதற்கான அறிகுறியாக இருக்கலாம். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, மேல் ரத்த அழுத்தம் 100க்குக் கீழ், மலத்தில் ரத்தம் என்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பெரியவர்களிடம் முதலில் தெரிவது குழப்பமாகவும் இருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேரன் பெயரை மாற்றிச் சொன்னால் அதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். பொது ஆம்புலன்ஸ் எண் 10177; கைப்பேசியிலிருந்து 112.

வீட்டில் வைத்துப் பார்ப்பதானால் நீரிழப்பைத் தடுப்பது மருந்தைவிட அவசரமான விஷயம், அதுவும் டர்பனின் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக 8 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் ஒரு கோப்பை. சர்க்கரை நோயாளிக்கும் இதில் சர்க்கரையைக் குறைக்கக் கூடாது, அது இல்லாமல் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சாது. ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும். இதய பலவீனம் உள்ளவருக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நீர் மாத்திரை (ஃபியூரோசமைடு), ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் வகை, மெட்ஃபார்மின் ஆகியவற்றைப் பேதி நிற்கும் வரை நிறுத்த வேண்டுமா என்று அன்றே ஃபோன் போட்டுக் கேளுங்கள். காய்ந்த உடம்பில் இவை சேர்ந்துதான் சிறுநீரகத்தைச் சாய்க்கின்றன. புரட்டாசியில் பேதி வந்தால் அன்று விரதம் வேண்டாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் வாழைப்பழமும் விரதத்துக்கு ஆகாத உணவல்ல. பாலை மட்டும் சில நாள் தள்ளி வையுங்கள்.

பேதியை நிறுத்தும் லோபெரமைடு வேண்டாம். கோடீன் கலந்த வலி மாத்திரையும் வேண்டாம். இரண்டும் குடலைக் கட்டிப்போட்டு, நஞ்சை உள்ளேயே நிறுத்தும். ஒமெப்ரசோல் வகை அமில மாத்திரை வருஷக்கணக்கில் போகிறதென்றால் இன்னும் தேவையா என்று கேளுங்கள். இந்த நோயோடு அதற்குத் தொடர்பு காணப்படுகிறது. மருந்துக்கடைகளில் விற்கும் புரோபயாடிக்குகள் இந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நெஞ்சில் மைய நரம்புக் குழாய் பொருத்தியவருக்கும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவருக்கும் ஈஸ்ட் வகை புரோபயாடிக் ரத்தத்திலேயே தொற்றாகிவிடும். அந்தப் பணத்தை வான்கோமைசினுக்கு வையுங்கள்.

கை கழுவும் முறையும் இங்கே மாறுகிறது. இந்தக் கிருமியின் வித்துக்களை ஆல்கஹால் ஜெல் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் வறண்டதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓடும் தண்ணீர் எப்போதும் நிச்சயமில்லை. நோயாளி உள்ள வீட்டில் குழாய் பொருத்திய ஒரு கேனைக் கழிப்பறைப் பக்கம் நிரப்பி வையுங்கள். பாத்திரத்தில் கையை முக்கிக் கழுவுவது வித்துக்களை அடுத்தவருக்குக் கொடுப்பதாகும். கழிப்பறை இருக்கை, கைப்பிடி, விளக்கு சுவிட்சு, கட்டில் கம்பி ஆகியவற்றை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ஜிக் (ப்ளீச்) போட்டுத் துடையுங்கள். சாதாரண 3.5 சதவீத ஜிக்கில் 150 மி.லி.யும் தண்ணீர் 850 மி.லி.யும். பத்து நிமிடம் ஈரமாக இருக்க விட வேண்டும், அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். வினிகரோடும் அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் சேர்க்கவே கூடாது.

திரும்பி வந்தால்

முதல் தடவைக்குப் பிறகு ஏறத்தாழ நாலில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோ திரும்பி வருகிறது, பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள். ஒரு தடவை திரும்பியவருக்கு அடுத்ததும் வரும் வாய்ப்பு இன்னும் கூடும். மருந்து முடிந்த பிறகு வரும் எல்லாப் பேதியும் இதுவல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். குடல் ஆறும் காலத்தில் சாப்பாட்டுக்குப் பின் இளகிப் போவது சில வாரம் நீடிக்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் மறுபடி பரிசோதனை.

முதல் தடவை வான்கோமைசின் வாங்கியவருக்கு இரண்டாவது தடவை அதே பத்து நாளை அப்படியே திரும்பக் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. ஃபிடாக்சோமைசின் கிடைத்தால் அது முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் வான்கோமைசினைப் படிப்படியாக இறக்கும் முறை: 125 மி.கி. நான்கு வேளை பத்து முதல் பதினான்கு நாள், இரண்டு வேளை ஒரு வாரம், ஒரு வேளை ஒரு வாரம், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இரண்டு முதல் எட்டு வாரம். மருந்தில்லாத நாட்களில் மிஞ்சிய வித்துக்கள் முளைக்கும், அடுத்த வேளை அவற்றை அடிக்கும், இடையில் நல்ல கிருமிகள் தலைதூக்கும் என்பதே இதன் தர்க்கம். இது நீளமான அட்டவணை. சமையலறை நாள்காட்டியில் மருந்து நாட்களை வட்டமிட்டு, கொடுத்ததும் அடித்துவிடுங்கள். வாய்ச் சொல்லை நம்பினால் மூன்றாவது வாரத்தில் கட்டாயம் தவறும். எதிர்ப்புரதம் ஏற்றும் பெஸ்லோடாக்சுமாப் என்ற இன்னொரு வழி இருந்தது. தயாரிப்பாளர் அதை 2025 தொடக்கத்தில் நிறுத்திவிட்டதால் அதைத் தேடி அலைய வேண்டாம்.

மூன்றாவது தடவை வந்தவருக்கு மல நுண்ணுயிர் மாற்று பேச்சுக்கு வரும். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைப் பல பரிசோதனைகளுக்குப் பிறகு பதப்படுத்தி, கொலனோஸ்கோப்பி வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ காப்ஸ்யூலாகவோ கொடுப்பார்கள். 2013இல் நெதர்லாந்துச் சோதனையில் ஒரே தடவையில் 81 சதவீதத்தினருக்கு நின்றது. வான்கோமைசின் மட்டும் வாங்கியவர்களில் 31 சதவீதத்தினருக்கே நின்றது. கேட்க அருவருப்பாக இருக்கிறது என்று பெரியவர்கள் மறுப்பதுண்டு. ஆறு மாதமாகக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் அலைந்தவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆனால் வீட்டில் யாரும் இதைச் செய்துபார்க்கக் கூடாது. 2019இல் அமெரிக்காவில் மருந்துக்கு அடங்காத ஈ. கோலை இருந்த தானத்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவருக்குத் தொற்று வந்து ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் தானம் செய்பவருக்கான பரிசோதனைகள் இன்னும் இறுக்கப்பட்டன. ஆகவே குடல் நிபுணரிடம் கேட்க வேண்டியவை: தானத்தை எங்கே சோதிக்கிறீர்கள், எந்தக் கிருமிகளுக்கு, செய்முறைக்கு எத்தனை நாள் முன்பு வான்கோமைசினை நிறுத்த வேண்டும், மூச்சுக்குழலில் இறங்கும் அபாயம் உள்ளவருக்கு மூக்குக் குழாயைத் தவிர்க்க முடியுமா.

குணமான பிறகும் ஒரு வேலை பாக்கி. கிளினிக் அட்டையின் முன்பக்கத்தில், மருந்து ஒவ்வாமை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், 'சி. டிஃப்' என்றும் மாதம், வருஷம், கிளப்பிய ஆன்டிபயாடிக், குணப்படுத்திய மருந்து என்றும் எழுதச் சொல்லுங்கள். பல் மருத்துவர், கால் மருத்துவர், கண் அறுவைக்குக் கூட்டிப்போகும் இடம் எதுவானாலும் முதலில் அதைக் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும் என்றால் மிகக் குறுகிய நாளுக்கு, கிளிண்டமைசினைத் தவிர்த்து. ஏற்கெனவே திரும்பி வந்த வரலாறு உள்ளவருக்கு, அந்த ஆன்டிபயாடிக் போகும் நாட்களில் தடுப்பாக 125 மி.கி. வாய்வழி வான்கோமைசின் ஒரு வேளை சேர்க்கலாமா என்று சீட்டு எழுதும் முன்பே கேளுங்கள்.